கைத்துப்பாக்கியோடு மாநிலம் தாண்டுவது: சார்லட்டிலிருந்து நாஷுவா வரை

போன வாரம் ஒரு தம்பி கேட்டார். "அண்ணா, நார்த் கரோலினா சார்லட்டிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் நாஷுவாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போகிறேன். வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. கேரி பெர்மிட்டும், அதாவது துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் அனுமதியும், இருக்கிறது. காரிலேயே எடுத்துக்கொண்டு போய்விடலாம்தானே?" ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இங்கே புதிதாக வந்தவர்கள் பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. குடும்பத்தோடு இதே மாதிரி மாநிலம் மாறியபோது வக்கீலுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

முதலில் விசா. பெட்டி, பூட்டு, ரூட் எல்லாம் அப்புறம்.

தம்பி கிரீன் கார்டு வாங்கியவர், அதனால்தான் இந்தப் பேச்சே. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே மத்திய சட்டம் தடை போடுகிறது. துப்பாக்கி மட்டும் இல்லை, ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் குற்றம்தான். டெக்சாஸில் பெர்மிட் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாமாமே என்று கேட்பீர்கள். அது மாநிலச் சட்டம். மத்தியத் தடை அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இதில் சில விலக்குகள் உண்டு. முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை பொருந்தாது என்பது அவற்றில் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த லைசென்ஸ் காலாவதியாகும் தேதியை நம்பி நம் மொத்த குடியேற்றத்தையும் பணயம் வைக்க வேண்டாம். கிரீன் கார்டு வரட்டும்.

கிரீன் கார்டு வந்த பிறகும் ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தலாம். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அதே குற்றத்துக்குச் சிறையோடு முடிந்துவிடும். நமக்குச் சிறை முடிந்த பிறகு சென்னைக்கு ஒரு வழி டிக்கெட்டும் சேர்ந்து வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, கேரி பெர்மிட்டை டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நினைப்பது. சார்லட்டில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸை வைத்து பாஸ்டன் வரை வண்டி ஓட்டலாம். துப்பாக்கி பெர்மிட் அப்படி இல்லை. எந்த மாநிலப் பெர்மிட்டை மதிப்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் நான்குமே வெளி மாநிலப் பெர்மிட்டை ஏற்பதில்லை. தம்பியின் பெர்மிட் அங்கே வெறும் பிளாஸ்டிக் அட்டை.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்று 1986-ல் ஒன்று வந்தது. நீங்கள் கிளம்பும் இடத்தில் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்திலும் அதே உரிமை இருக்க வேண்டும். இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களின் சட்டம் என்னவாக இருந்தாலும் கடந்து போகலாம். நார்த் கரோலினாவில் தம்பிக்கு பெர்மிட் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல் பெர்மிட்டே வேண்டாம். ஆக இரண்டு முனையும் சரி.

ஆனால் நிபந்தனைகள் கறார். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் ஆட்கள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. செடான் என்றால் டிக்கியில் போட்டுவிடலாம். நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் வாங்குவது மினிவேனோ எஸ்யுவியோதான், அதில் தனி டிக்கி ஏது? அதற்கும் சட்டம் வழி சொல்கிறது. தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும் நடு கன்சோலும் பூட்டு போட்டிருந்தாலும் பெட்டியாகக் கணக்கில் வராது.

நான் முதலில் திட்டமிட்டது இது. துப்பாக்கிக்கு ஒரு இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறொரு பெட்டி, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. சட்டம் இரண்டு பெட்டி கேட்கவில்லைதான். ஆனால் நியூயார்க் சட்டத்தில் துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தாலே தோட்டா போட்ட துப்பாக்கி என்றுதான் பொருள். அதைக் கேட்டதும் தோட்டாவே வேண்டாம் என்று பழைய ஊரிலேயே விட்டுவிட்டேன். எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக ஏன் வம்பு? பெட்டியை எஸ்யுவியின் கடைசியில் வைத்து, அதன் மேல் அரிசி மூட்டை, கிரைண்டர், பிள்ளைகள் பை எல்லாம் அடுக்கினேன். கிரைண்டரை நகர்த்தாமல் யாருக்கும் எட்டாது. இன்னொன்று, மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் பொருத்தும் உறை. நான் மேலே சொன்ன நான்கு மாநிலங்களிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை. 1986 சட்டம் துப்பாக்கி, தோட்டா என்றுதான் பேசுகிறது, மேகசினைப் பெயர் சொல்லிக் காப்பாற்றவில்லை. பத்து கொள்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரூட். ஜிபிஎஸ் உங்களை ஐ-95 நெடுஞ்சாலை வழியாக மேரிலாந்து, நியூ ஜெர்சி, நியூயார்க் நகரம் என்று இழுக்கப் பார்க்கும். வேண்டாம். ஐ-77 பிடித்து வர்ஜீனியாவில் ஐ-81 ஏறி, பென்சில்வேனியா ஸ்கிரான்டனில் ஐ-84-க்கு மாறுங்கள். நியூ ஜெர்சியும் நியூயார்க் நகரமும் கழன்றுவிடும். மேரிலாந்தின் ஒரு சின்னத் துண்டு, நியூயார்க் மாநிலத்தின் ஒரு மூலை, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் ஆகியவை மிஞ்சும்.

இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதுதான் உயிர்நாடி. இந்தச் சட்டம் பாதுகாப்பது பயணத்தை. பெட்ரோல் போட, கழிவறை போக, ஒரு காபி குடிக்க நிறுத்துவது பயணத்தில் சேரும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கனெக்டிகட்டில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அவர் மகள் அரங்கேற்றம் பார்த்துவிட்டுக் கிளம்புவது பயணம் இல்லை.

இதற்கு 2005-ல் நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போகிறார். துப்பாக்கியை முறைப்படி சொல்லி, பூட்டிய பெட்டியில் லக்கேஜில் போட்டிருக்கிறார். நியூ ஜெர்சி நூவர்க்கில் அடுத்த விமானம் தவறிவிட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஓர் இரவு தங்கினார். காலையில் விமான நிலையத்தில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் 1986 சட்டம் பொருந்தாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனிதர் மேல் என்ன தப்பு? விமானம் தவறியது ஒன்றுதான்.

ஆகவே தம்பி, முதல் நாள் வர்ஜீனியா வின்செஸ்டர் வரை போய் அங்கே தங்குங்கள். மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பி ஒரே மூச்சில் நாஷுவா போய்ச் சேருங்கள். ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது, சின்னப் பிள்ளைகள் படுத்துவார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரம் மிச்சம்.

போலீஸ் நிறுத்தினால்? ஊரில் நிறுத்தினால் இறங்கிப் போய் "சார்" என்று பவ்யமாக நிற்போம். இங்கே இறங்கவே கூடாது. கையை ஸ்டியரிங்கில் தெரியும்படி வையுங்கள். கேட்ட காகிதத்தை, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள். பூட்டிக் கிடக்கும் துப்பாக்கியைப் பற்றி நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதைக் கிளம்பும் முன் பார்த்து வையுங்கள். பொய் மட்டும் கூடாது. வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால், சம்மதம் இல்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நியூ ஜெர்சியில் 2013-ல் ஒரு ஃபிலடெல்ஃபியா பெண்ணை டிராஃபிக் விதிக்காக நிறுத்தினார்கள். பென்சில்வேனியா பெர்மிட் செல்லும் என்று நம்பி, துப்பாக்கி இருப்பதை அவராகவே சொன்னார். இரண்டு பிள்ளைகளின் தாய், முன்பு எந்தக் குற்றமும் இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் கட்டாயச் சிறை என்கிற நிலை வந்தது. கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்ததால்தான் முழுதாகத் தப்பினார். நமக்கெல்லாம் ஆளுநர் வரமாட்டார். இன்னொன்றும் கவனியுங்கள். 1986 சட்டம் பல நேரம் கைதைத் தடுப்பதில்லை. கைதான பிறகு நீதிமன்றத்தில் எடுத்து வைக்கும் வாதமாகத்தான் உதவுகிறது. அதனால் சட்டப் பிரிவை அச்செடுத்து வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் பலர் மாட்டுவார்கள் என்பது என் பயம். நாஷுவா மாசசூசெட்ஸ் எல்லையை ஒட்டிய ஊர். வேலை அந்தப் பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஆஷ்லாண்ட் ஸ்ரீலட்சுமி கோயிலுக்குப் போகத் தோன்றும். காரில் துப்பாக்கி இருப்பதை மறந்துவிட்டு எல்லை தாண்டினால், போய்ச் சேரும் இடமே மாசசூசெட்ஸ் என்பதால் 1986 சட்டம் உதவாது. அங்கே லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் சென்றதாகத் தண்டனை வந்தால் குறைந்தது 18 மாதம். நயாகரா பார்க்கப் போவதும் இதே கணக்குதான், அது நியூயார்க் மாநிலம். அங்கே ஒரு லேன் தப்பினால் பாலம் ஏறி கனடா எல்லைச் சாவடியில் நிற்பீர்கள். துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும்.

காரில் எடுத்துப் போகவே பயமாக இருந்தால், சார்லட்டில் உரிமம் பெற்ற ஓர் ஆயுத வியாபாரியிடம் கொடுத்து நாஷுவா வியாபாரிக்கு அனுப்பச் சொல்லலாம். அங்கே நியூ ஹாம்ப்ஷயர் முகவரி போட்ட அடையாள அட்டையைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கிக்கொள்ளலாம். செலவு கொஞ்சம் ஆகும், நிம்மதி உண்டு. மீண்டும் அந்த நாள் வந்தால் நான் இதைத்தான் செய்வேன். சாமான் ஏற்றும் கம்பெனிக்காரர் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் சாமான் பத்து நாள் தாமதமாக, இரண்டு பெட்டி குறைவாக வந்தது. போனது பித்தளைப் பாத்திரங்கள் என்பதால் மனைவியின் கோபத்தோடு முடிந்தது.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். ஜூனில் அப்பா அம்மா பி-2 விசாவில் வருகிறார்களாம், துப்பாக்கி வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் பிரச்சினையா என்று. ஒரே வீட்டில் இருப்பது குற்றம் இல்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும் வழி அவர்களிடம் இருந்தால், அது அவர்கள் வசம் இருந்ததாகப் பார்க்க இடம் உண்டு. நீங்கள் ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க அவர்கள்தானே தனியாக இருப்பார்கள். சாவி என்றால் உங்களோடு போகட்டும். நம்பர் பூட்டு என்றால் நம்பர் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கட்டும். உங்கள் பிறந்த தேதியை வைக்காதீர்கள், அப்பா முதலில் அதைத்தான் அமுக்கிப் பார்ப்பார்.