கலைச்சொல்: 'கிரீன்ஃபீல்ட்' முதலீட்டில் பசுமை எங்கே?

> 'பசும்புல முதலீடு' என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல் சரிதான், பொருளில்தான் இடிக்கிறது. ஒரு கம்பனி வெளிநாட்டில் இருக்கிற ஆலையை வாங்காமல், அடியிலிருந்து புதிதாகக் கட்டுவதுதான் 'கிரீன்ஃபீல்ட்' முதலீடு. மட்டக்களப்பில் முகாமைத்துவ மாணவர்களுக்குக் குறிப்பு எழுதுகிறேன். மரம், கூழ், கடதாசிக் கம்பனிகள் வெளிநாடு போன கதைதான் பாடம். 'பசும்புலம்' என்று பலகையில் எழுதியதும் ஒரு பிள்ளை, "சேர், மரம் நடுகிற திட்டமா?" என்று கேட்டது. இந்தப் பாடத்தில் வேறு எப்படி விளங்கும்!

பின்லாந்து-சுவீடன் கடதாசிக் கம்பனியான ஸ்டோரா என்சோ 2000இல் அமெரிக்காவின் கன்சோலிடேட்டட் பேப்பர்ஸை மில், ஆள், வாடிக்கையாளர் எல்லாவற்றோடும் வாங்கியது. 2007இல் வட அமெரிக்க ஆலைகளை விற்றுவிட்டது. அதே 2007இல் பின்லாந்தின் பொட்னியா, உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் வெறும் ஆற்றங்கரையில் கூழ் ஆலை ஒன்றைப் புதிதாகக் கட்டி ஓடவிட்டது. பின்லாந்தில் ஒரு மரம் வெட்டுக்கு வர 60 வருடத்துக்கு மேல் செல்லும். உருகுவேயில் யூகலிப்டஸ் பத்து வருடத்தில் தயார். மரம் இருக்கும் இடத்துக்கே ஆலை போனது. 2009இல் அந்த ஆலை யூபிஎம் என்ற இன்னொரு பின்லாந்துக் கம்பனியின் கைக்கு மாறியது. ஒரே ஆலைதான், பொட்னியாவுக்குப் புதிதாகக் கட்டிய வகை, யூபிஎம்முக்குக் கட்டியதை வாங்கிய வகை. இதைப் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

என் முன்மொழிவு 'வெறுங்காணி முதலீடு'.

*

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், 'காணி' நம் பக்கத்துக்கு இனிக்கும். தமிழ்நாட்டில் அது நில அளவு. அதைவிட 'வெறும்' தான் உறுத்துகிறது. கந்தோர் வரைபடத்தில் வெறுங்காணியாகக் கிடப்பது மாட்டுப் பட்டிக்காரருக்கு மேய்ச்சல்தரை. உருகுவேயிலும் யூகலிப்டஸ் ஏறியது மாடு மேய்ந்த புல்வெளியில்தானே? நிலத்தை விட்டுச் செயலைப் பிடிப்போம்: 'அடிக்கல் முதலீடு'. இருக்கிற ஆலையை வாங்குவதற்குக் 'கையேற்பு முதலீடு'.

*

சரி, தோற்றேன். பட்டிக்காரர் ஊரில் இருந்துகொண்டு மேய்ச்சல்தரையை மறந்துவிட்டேன். குறிப்பில் 'அடிக்கல்' என்று மாற்றியாயிற்று.

அப்புறம், ஒன்று மிச்சம். வைக்கோலில் கடதாசி செய்த நம் வாழைச்சேனை மில் போன்ற பழைய ஆலையை ஒரு கம்பனி எடுத்து, சுவரை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரம் முழுவதையும் புதிதாகப் பூட்டினால்? அடிக்கல்லும் இல்லை, வெறும் கையேற்பும் இல்லை. 'பிரவுன்ஃபீல்ட்' என்கிறார்கள். தயவுசெய்து யாரும் 'மண்ணிறப்புலம்' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.