மறு: ஃப்ளோ சுவிட்சைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஃப்ளோ சுவிட்ச் என்பது குழாயில் தண்ணீர் போகிறதா என்று பார்த்து மின்சுற்றை மூடும் அல்லது திறக்கும் கருவி. அது என்ன செய்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை தானே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆலைப் பராமரிப்பில் இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

> 'ஓட்டச் சொடுக்கி' போதாதா? எளிதாகத்தானே இருக்கிறது?

ஆலைக்குள் 'ஓட்டம்' சரிப்படாது. மின்னோட்டமும் ஓட்டம், பம்ப் ஓடுவதும் ஓட்டம். பேனலில் 'ஓட்டச் சொடுக்கி' என்று எழுதி ஒட்டினால், மோட்டாரை ஓட்டும் பொத்தான் என்று நினைத்து அமுக்கப் பார்ப்பார்கள். பம்ப் ஓடுவது வேறு, தண்ணீர் போவது வேறு. இந்தக் கருவிக்குத் தேவை வந்ததே அதனால்தான். டெலிவரி வால்வு (தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வு) மூடியிருக்கும்போது, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சென்ட்ரிபியூகல் பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். மோட்டார் ஓடும், பிரஷர் கேஜில் முள் ஜம்மென்று ஏறி நிற்கும், குழாயிலோ தண்ணீர் அசையாது. பம்புக்குள் இருக்கிற தண்ணீரே சுற்றிச் சுற்றிச் சூடேறி, கடைசியில் கசிவைத் தடுக்கும் சீல் போகும். அழுத்தத்தைப் பார்க்கிற கருவிக்கு இது தெரியவே தெரியாது.

அதனால் என் தேர்வு 'பாய்வு'. ஃப்ளோ மீட்டரைப் பாய்வுமானி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், பக்கத்திலேயே வைக்கலாம். ஆனால் மானி வேறு, இது வேறு. மானி எத்தனை லிட்டர் என்று சொல்லும். இது நாம் வைத்த அளவுக்கு மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்று மட்டும் சொல்லும். ஒரு தொடுப்பு (மின்சுற்றை இணைக்கும் கான்டாக்ட்) மூடும் அல்லது திறக்கும், அவ்வளவுதான்.

> தண்ணீர் நின்றால் இயந்திரத்தைக் காப்பதுதானே வேலை? 'வறட்சிக் காப்பான்' என்று வைக்கலாமே?

சில்லர் என்கிற, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மட்டும் பார்த்தால் சரி. அதில் தண்ணீர் குளிரும் பகுதியான எவாப்பரேட்டரில் தண்ணீர் நின்றுபோய் கம்பிரசர் மட்டும் ஓடினால், குழாய்களில் தங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயை வெடிக்க வைக்கும். அப்புறம் தண்ணீர் குளிர்பொருள் பக்கம் புகுந்து கம்பிரசர் வரைக்கும் போகும். அங்கே இது காப்பான்தான். ஆனால் இதே கருவி தீயணைப்பு ஸ்பிரிங்ளர் குழாயில் தலைகீழ் வேலை செய்கிறது. அங்கே தண்ணீர் எப்போதும் நின்றுதான் இருக்கும். எங்கோ ஒரு ஸ்பிரிங்ளர் தலை (தண்ணீர் தெளிக்கும் முனை) திறந்து தண்ணீர் பாய்ந்தால்தான் மணி அடிக்க வேண்டும். குழாயில் அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலே மணி அடித்துவிடக் கூடாது என்று, சில நொடி பொறுத்து அடிக்கும் தாமத அமைப்பும் அதில் உண்டு. வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயன்பாட்டை வைத்துப் பெயரிட்டால் அடுத்த பயன்பாட்டில் மாட்டிக்கொள்வோம்.

> துடுப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் துடுப்பு உண்டா?

இல்லை. அதிகம் பார்ப்பது துடுப்பு வகையைத்தான். குழாய்க்குள் ஒரு மெல்லிய தகடு தொங்கும், தண்ணீர் தள்ளும், மேலே ஸ்பிரிங் எதிர்க்கும், தள்ளல் ஜெயித்தால் மைக்ரோ சுவிட்ச் 'டிக்' என்று மாறும். மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு தெரியும், எந்த அளவு பாய்வில் மாற வேண்டும் என்ற அமைவுப் புள்ளியை அதில்தான் வைக்கிறோம். குழாய் அளவுக்குத் தகுந்தபடி தகட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். நீளமாக விட்டால் குழாய்ச் சுவரில் உரசி மாட்டிக்கொள்ளும், குட்டையாக வெட்டினால் குறைந்த பாய்வு அதற்குத் தெரியாது. குழாய் வளைவான எல்போவுக்கோ வால்வுக்கோ ஒட்டிப் பொருத்தினால் சுழலில் தகடு படபடக்கும், ரிலே கடகடக்கும். முன்னும் பின்னும் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நேர்க்குழாய் விடுங்கள் என்பது வழக்கமான விதி. நாலு அங்குலக் குழாய் என்றால் இரு பக்கமும் இருபது அங்குலம். பிளான்ட் ரூமில் அந்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம். உடலில் உள்ள அம்புக்குறி பாய்வுத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிமிடத்துக்குச் சில லிட்டர் மட்டும் போகிற சிறு குழாய்க்குத் துடுப்பு சரிவராது. அங்கே காந்தம் வைத்த பிஸ்டன் வகை. பிஸ்டன் நகர்ந்தால் வெளியே உள்ள ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மாறும் சிறு சுவிட்ச்) மாறும். துரு கலந்த தண்ணீர் என்றால் இரும்புத் தூள் காந்தத்தில் அப்பி பிஸ்டன் நின்றுவிடும், முன்னால் ஸ்டிரெய்னர் என்ற வடிகட்டி கட்டாயம். அசையும் உறுப்பே வேண்டாம் என்றால் வெப்ப வகை: முனையைச் சூடாக்கி, பாயும் தண்ணீர் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது என்று பார்ப்பது. முனையில் உப்புப் படிந்தால் பாய்வு இருந்தும் இல்லை என்று சொல்லும். பொய் சொன்னாலும் இயந்திரத்தை நிறுத்துகிற பக்கம் சொல்கிறது, அந்த மட்டும் நல்லது. துடுப்பு மாட்டிக்கொண்டால் அந்த உத்தரவாதம் இல்லை.

ஆகவே 'துடுப்பு', 'பிஸ்டன்', 'வெப்ப' என்பவை வகையைச் சொல்லும் முன்னொட்டாக மட்டும் வரட்டும்.

> 'ஆளி' இலங்கை வழக்கு. இங்கே யாருக்கும் புரியாது.

சுவிட்சுக்கு 'ஆளி' என்பது இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குச் சாதாரணச் சொல். இங்கே பள்ளிப் புத்தகத்து மின்சுற்றில் 'சாவி' என்று படித்தோம், வீட்டுக்கு வந்தால் சுவிட்ச் என்கிறோம். சாவி என்றால் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. சொடுக்கி என்றால் விரலும் கணினியும். இங்கே கை படாமல் தண்ணீரே வேலையை முடிக்கிறது. அழுத்த ஆளி, மட்ட ஆளி, வெப்பநிலை ஆளி என்று குடும்பத்துக்கே ஒரே வால் கிடைப்பதும் ஆளியில்தான். ஒரே நிபந்தனை: சேர்த்து எழுதாதீர்கள். 'பாய்வாளி' என்று போட்டால் ஸ்டோரில் இருந்து பாயும் வாளியும் வந்து சேரும். 'பாய்வு ஆளி' என்று பிரித்தே எழுதுவோம்.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது, நம் சொற்பட்டியலில் அடுத்து இருக்கும் 'வழக்கமாகத் திறந்த' (normally open), 'வழக்கமாக மூடிய' (normally closed) தொடுப்புகள். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறோம், இந்தக் கருவியில் அது ஆபத்து. ஆலையில் வழக்கமான நிலை எது? தண்ணீர் பாய்ந்துகொண்டிருப்பது. கருவி செய்தவர் சொல்லும் வழக்கமோ பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் வைத்த நிலை, அதாவது பாய்வு இல்லாத நிலை. புதிதாக வந்த பையன் நம் சொல்லை நம்பி ஒயரை மாற்றிக் கட்டினால், தண்ணீர் நிற்கும்போது கம்பிரசர் ஓடும். 'ஓய்வில் திறந்த', 'ஓய்வில் மூடிய' என்று மாற்றலாம் என்பது என் முன்மொழிவு. சில்லர் இன்டர்லாக்குக்கு, அதாவது தண்ணீர் இல்லாமல் சில்லரை ஓடவிடாத மின்சுற்றுக்கு, ஓய்வில் திறந்ததையே எடுக்க வேண்டும். பாய்ந்தால் மூடும், ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்.

பாய்வு ஏறும்போது ஒரு அளவில் மூடி, இறங்கும்போது அதைவிடக் குறைந்த அளவில் திறக்கும் அந்த இடைவெளிக்கும் பெயர் வேண்டும். இயற்பியலில் காந்தத்தின் ஹிஸ்டெரிசிஸுக்குத் 'தயக்கம்' என்று இருக்கிறது. 'தயக்க இடைவெளி' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் தேடும்போது கிடைக்காது.