டிவிடி ரீஜன் சிக்கல்: மீதி இருப்பது ஒரே வாய்ப்பு

போன மாதம் சித்தப்பா லண்டனிலிருந்து வரும்போது 'தி பிரிட்ஜ்' துப்பறியும் டிவி தொடரின் நான்கு சீசன் டிவிடி செட் வாங்கி வந்தார். 2011இல் தொடங்கிய ஒரிஜினல், டென்மார்க்கும் ஸ்வீடனும் சேர்ந்து எடுத்தது. கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் பாலத்தின் நட்டநடுவே, எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம். விசாரிக்க, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கும் ஸ்வீடன்காரி சாகா. கூடவே, சிரித்துப் பேசியே காரியம் சாதிக்கும் டேனிஷ்காரர் மார்ட்டின். எலியும் பூனையும் மாதிரியான இந்த ஜோடிக்காகவே கேட்டு வாங்கினேன். முதல் டிஸ்கே ஓடவில்லை.

டிவிடிகளை எந்தெந்த நாடுகளில் ஓட்டலாம் என்று பிரிக்கும் எண்தான் ரீஜன். டிஸ்க் ரீஜன் 2, நம் நாட்டுக்கு 5. வீட்டு பிளேயர் 'ரீஜன் தவறு' என்று துப்பிவிடுகிறது. லேப்டாப்பில் (விண்டோஸ் 10, யு.எஸ்.பி. டிரைவ், 2014இல் வாங்கியது) வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் போட்டால் மெனு வருகிறது. எபிசோடை அழுத்தினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. வி.எல்.சி.யை அழித்துப் புதிதாகப் போட்டேன், கேபிள் மாற்றினேன், அதே டிரைவை நண்பன் லேப்டாப்பில் செருகியும் பார்த்தேன். அதே கதைதான். தமிழ்ப்பட டிஸ்க்குகள் ஒழுங்காக ஓடுகின்றன.

டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். நாலு முறையைத் தம்பி எப்போதோ விளையாட்டாகத் தீர்த்துவிட்டான். மீதம் ஒன்று. அதையும் 2க்கு மாற்றினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். வீட்டிலுள்ள ரீஜன் 5 டிஸ்க்குகளின் கதி?

அந்தக் கடைசி வாய்ப்பைத் தொடாமல் ரீஜன் 2 டிஸ்க்கை இதே டிரைவில் ஓடவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?