மரநாய் வீட்டுக்குள் வந்தால் சுடலாமா?

செல்வம் (மாடம்பாக்கம்):
மூன்று வாரமாக எங்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு மரநாய் குடியிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தடதடவென்று ஓட்டம். ஜிப்சம் பலகை இரண்டு இடத்தில் மூத்திரத்தில் ஊறித் தொங்குகிறது, ஏசி ஒயரும் கடிபட்டிருக்கிறது. நேற்று சமையல் மேடையில் ஏறி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்கு 75 வயது. விளக்கைப் போட்டதும் அதைப் பார்த்துப் பயந்து கீழே விழப் பார்த்தார்கள். மச்சானிடம் ஏர்கன் இருக்கிறது. காட்டுக்குப் போய் நான் வேட்டையாடவில்லை, என் வீட்டுக்குள் வந்ததைச் சுடுவது பற்றித்தான் கேட்கிறேன். சட்டப்படி சரியா, தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலு ஐயா:
தம்பி, யோசிக்கவே வேண்டாம். உங்கள் வீடு, உங்கள் கூரை, உங்கள் தாயார். எங்கள் ஊரில் பனையேறிகள் கள்ளுக் கலயத்துக்கு வரும் மரநாயைக் கவட்டையால் அடித்து விரட்டுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. ஏர்கன்னுக்கு லைசென்ஸும் தேவையில்லை. அப்புறம் என்ன தயக்கம்?

கருப்புக்கோட்டு:
செல்வம் சார், தயவுசெய்து சுட வேண்டாம். வக்கீலாக 14 வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் உள்ள விலங்கை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. மரநாய் அட்டவணை விலங்கு. காட்டுக்குள் நடந்தால்தான் வேட்டை என்று அந்தப் பிரிவில் இல்லை. உங்கள் சமையலறையில் நடந்தாலும் அதே தடைதான். கொல்வதோடு கொல்ல முயல்வதும் வேட்டை என்றே 2ஆம் பிரிவு சொல்கிறது. குறி தவறினாலும் குற்றம்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம்.

வேலு ஐயா சொன்ன லைசென்ஸ் விஷயம் பாதிதான் சரி. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் சக்தி, இந்த அளவைத் தாண்டாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். வைத்திருக்கலாம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிடாது.

வேலு ஐயா:
வக்கீல் சார், தற்காப்பு என்று ஒன்று இருக்கிறதே? ஒரு திருடன் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கினால் தடுக்க எனக்கு உரிமை உண்டு. அதே ஓட்டைப் பிரித்து ஒரு மிருகம் இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

கருப்புக்கோட்டு:
நல்ல கேள்வி ஐயா. பலரும் சறுக்குவது இங்கேதான். சொத்தைக் காக்கும் தற்காப்பு உரிமை திருட்டு, கொள்ளை, அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்களுக்கு எதிரானது. மிருகம் குற்றம் செய்வதில்லை, அதனால் அந்த உரிமை இங்கே பொருந்தாது.

வனவிலங்குச் சட்டத்திலேயே 11(2) என்று தனி விலக்கு இருக்கிறது. தன்னையோ வேறொருவரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் அதில் ஆள் என்றுதான் இருக்கிறது, சொத்து இல்லை. பாய்ந்து கடிக்க வரும் விலங்கைக் கையில் கிடைத்த கட்டையால் அடித்தீர்கள் என்றால் உங்களுக்காக வாதாட எனக்கு ஒரு பிடி இருக்கிறது. பழம் தின்றுகொண்டிருந்ததை மச்சான் வீட்டிலிருந்து துப்பாக்கி வரவழைத்துச் சுட்டீர்கள் என்றால் எந்தப் பிடியும் இல்லை. தற்காப்புக்காகக் கொன்றிருந்தாலும் உடல் அரசுச் சொத்து. தகவல் சொல்லாமல் தோட்டத்தில் புதைத்தால் அதுவே இன்னொரு சிக்கல்.

கூடலூர்க்காரன்:
நான் வேலு ஐயா பக்கம். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. வக்கீல் சார் சொல்வது சட்டப்படி சரி, என் சண்டை அந்தச் சட்டத்தோடுதான். அட்டவணை எழுதியவர்கள் மனதில் இருந்தது காடு. ஊர் வளர்ந்து ஏரிக்கரை, தோப்பு எல்லாம் மனையாகிவிட்டது. மிருகத்துக்கும் மனிதனுக்கும் நடுவே இப்போது இருப்பது ஒரு ஜிப்சம் பலகை.

தேவை என்று வந்தால் அரசாங்கங்களே வளைந்து கொடுக்கின்றன. 2016இல் சிம்லா நகராட்சிக்குள் ரீசஸ் குரங்கைத் தீங்குயிர், அதாவது கொன்றாலும் வேட்டைக் குற்றமாகாத விலங்கு என்று மத்திய அரசு அறிவித்தது. கேரளாவில் 2022இலிருந்து காட்டுப்பன்றியைச் சுட ஊராட்சித் தலைவரே அனுமதி தரலாம். தமிழ்நாட்டிலும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அறிவித்தார்கள். பயிருக்கு ஒரு வழி இருக்கும்போது வீட்டுக்கு ஏன் இல்லை? தனியாக இருக்கும் வயதானவர்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? பாம்பு என்றால் ஆள் வருகிறார்கள். மரநாய் என்றால் “தானாகப் போய்விடும் சார்” என்று போனை வைத்துவிடுகிறார்கள். என் அக்கா வீட்டிலேயே நடந்தது.

கருப்புக்கோட்டு:
உங்கள் அக்கா கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் அரசு அறிவிப்போ அதிகாரியின் அனுமதியோ முதலில் வருகிறது, துப்பாக்கி பிறகுதான் வருகிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு சொத்துக்கு ஆபத்து என்றால் அனுமதி தர 11(1) இடம் தருகிறது. தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ காரணத்தை எழுதி ஆணை போட வேண்டும். அந்த வழியைச் சுலபமாக்கு என்று போராடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தானே முடிவெடுத்துச் சுடுவதை என்னால் ஏற்க முடியாது.

ராஜி (சேலையூர்):
சட்டத்தை விடுங்கள், வீட்டுக்குள் சுடுவது எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? எங்கள் எதிர்வீட்டு அண்ணன் மூன்று வருடம் முன்னால் எலியைப் பார்த்து ஏர்கன்னால் சுட்டார். ஈயக்குண்டு கான்கிரீட் சுவரில் பட்டுத் திரும்பி டிவியில் பாய்ந்தது. அவர் பையன் நின்றிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

மரநாய் மூன்று நான்கு கிலோ இருக்கும். அந்தக் குண்டு அதை உடனே கொல்லாது. காயத்தோடு கை எட்டாத மூலைக்குள் போய் ரெண்டு நாள் துடித்துச் சாகும். பிறகு நாற்றம் தாங்காமல் சீலிங் முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். எனக்கு அந்த உயிர் படும் பாடுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

இன்னொன்று, செல்வம் அண்ணா. ஒயரைக் கடித்தது பெரும்பாலும் எலியாக இருக்கும். மரநாய் எலி பிடித்துத் தின்னும். அது உங்கள் சீலிங்கைத் தேடி வந்ததற்கே எலி ஒரு காரணமாக இருக்கலாம். பகலில் மேலே கீச்கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்கிறதா?

செல்வம் (மாடம்பாக்கம்):
கேட்கிறது அக்கா. சாயங்காலம் ஐந்து, ஆறு மணி வாக்கில். எலிக்குஞ்சு என்று நினைத்தோம்.

ராஜி (சேலையூர்):
அது மரநாய்க் குட்டியாக இருந்தால் இப்போது ஓட்டையை அடைக்காதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் பலகையைக் கிழித்துக்கொண்டாவது உள்ளே வரப் பார்க்கும். குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்க ரெண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ராத்திரி சமையலறைக் கதவைச் சாத்துங்கள், பழத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். மொட்டைமாடியைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள். எல்லாம் போன பிறகு, இருட்டி ரெண்டு மணி நேரம் கழித்து, வெல்டு மெஷ் வைத்து அடையுங்கள். கொசுவலை மாதிரிக் கம்பி போட்டால் ஒரே ராத்திரியில் பிய்த்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

வேலு ஐயா:
குட்டி இருந்தால் நானும் சுடச் சொல்ல மாட்டேன். அது பாவம். ஆனால் ஒரு கூண்டு வைத்துப் பிடித்து, வண்டலூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டால் என்ன? அதையுமா சட்டம் தடுக்கிறது?

கருப்புக்கோட்டு:
தடுக்கிறது ஐயா. பிடிப்பதும் பொறி வைப்பதும் இரை வைப்பதும் அதே வேட்டை விளக்கத்துக்குள் இருக்கின்றன. கூண்டை வனத்துறை வைக்க வேண்டும், அல்லது அவர்கள் அனுமதியோடு வைக்க வேண்டும். செல்வம் சார், வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஃபோனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அம்மாவின் வயதையும் சமையலறைக்குள் வந்ததையும் தேதியோடு எழுதுங்கள். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விடுங்கள்.

கூடலூர்க்காரன்:
மனு கொடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று மாதம் மூத்திர வாடையில் ஒரு குடும்பம் இருக்க வேண்டும் என்றால் அந்தச் செலவை யார் ஏற்பது? யானை வீட்டை இடித்தால் அரசு நிவாரணம் தருகிறது. சீலிங் போனால் சொந்தக் காசு. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

செல்வம் (மாடம்பாக்கம்):
ஏர்கன் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் மனு எழுதுகிறேன், வக்கீல் சார் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? ராஜி அக்கா, அந்த வெல்டு மெஷ் எந்த அளவு கண் வைத்தது வாங்க வேண்டும்?

ராஜி (சேலையூர்):
ஒரு அங்குலக் கண். எலிக்கும் சேர்த்து அடைக்க வேண்டும் என்றால் அரை அங்குலம் வாங்குங்கள்.