நவம்பர் ரிப்போர்ட் வருவதற்கு முன் ஒரு வார்த்தை (கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், தொடக்கப் பள்ளி)

செப்டம்பரில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு முதல் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது. ஸ்கார்பரோவில் என் பையன் ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

டீச்சரைப் பார்க்கக் கிடைத்தது 15 நிமிடம். உட்கார்ந்ததும் "எத்தனையாவது ரேங்க்?" என்றேன். ரேங்க்கே கிடையாதாம். அவர் சொல்ல வந்ததோ வேறு. விளையாட்டில் தோற்றால் பையன் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கூப்பிட்டாலும் வருவதில்லை. என் காதில் அது புகாராகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அடுத்த வாரம் அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அது புகார் இல்லை, பாடம். இங்கே ரிப்போர்ட் கார்டில் பாட மதிப்பெண்ணுக்கு முன்பாகவே ஆறு விஷயங்கள் வரும்: பொறுப்பு, ஒழுங்குபடுத்திக்கொள்வது, தனியாக வேலை செய்வது, சேர்ந்து வேலை செய்வது, தானாக முன்வருவது, கடைசியாக செல்ஃப் ரெகுலேஷன், அதாவது தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்வது. இவற்றுக்கு ஈ (மிக நன்று), ஜி (நன்று), எஸ் (போதுமானது), என் என்று எழுத்து போடுவார்கள். 'என்' வந்தால் ஃபெயில் இல்லை, இதில் இன்னும் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். இது பாட மதிப்பெண்ணோடு சேராது. நம் ஆட்கள் இதைத் தாண்டிப் போய், நவம்பருக்கு அடுத்து வரும் ரிப்போர்ட்டில் கணக்கில் 'பி' வந்ததற்கு அழுவார்கள். (மாகாணம் எதிர்பார்க்கும் தரமே 'பி' தான், பதறாதீர்கள்.) இந்த நிதானப்படுத்திக்கொள்ளும் விஷயம் கணக்கையும் விடவில்லை. 2020இல் வந்த கணக்குப் பாடத்திட்டத்தில், தப்பு வந்தால் துவண்டுபோகாமல் திரும்ப முயல்வதும் பாடத்தின் ஒரு பகுதி.

பையன் வகுப்பில் ஒரு மூலை இருந்தது. சின்னக் கூடாரம், மணல் கடிகாரம், பிசைய ஒரு ரப்பர் பந்து. சுவரில் நாலு நிறம்: சோர்வுக்கும் சோகத்துக்கும் நீலம், அமைதிக்குப் பச்சை, பதட்டத்துக்கும் எரிச்சலுக்கும் மஞ்சள், கட்டுக்கடங்காத கோபத்துக்குச் சிவப்பு. எந்த நிறமும் கெட்டதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவார்களாம். ஒருநாள் காலை ஷூ போடச் சொல்லிக் கத்தினேன். "அப்பா, நான் எல்லோல இருக்கேன், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றான். வாயாடுகிறான் என்று கை ஓங்கப் போனேன். அவனோ ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே போட்டுக்கொண்டான். மொத்தமாக இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கை ஓங்குவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார்ந்து நேற்று எப்படி இருந்தது என்று பேசும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் நடப்பதையும் சொல்வார்கள். அடி, காயம் என்று கேட்டுச் சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. டீச்சர் நம் மேல் பகை வைத்துச் செய்வதில்லை.

இன்னொன்று, பெரியவர் பேசும்போது தலையைக் குனிவது நமக்கு மரியாதை. இங்கே அதை, பையன் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றோ ஒதுங்குகிறான் என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும். டீச்சரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டில் ஆங்கிலத்தில்தான் இதைப் பேச வேண்டும் என்று நினைக்காதீர்கள். கூச்சம், ஏக்கம், கடுப்பு, ஏமாற்றம் என்று நம்மிடம் இல்லாத வார்த்தையா? பிள்ளையிடம் மட்டும் "அழாதே", "சிரி" என்ற இரண்டையும் வைத்தே காலத்தை ஓட்டுகிறோம். நான் இப்போது பஸ்ஸில் வரும்போது "இன்னைக்கு எதுல கடுப்பாச்சு?" என்று கேட்கிறேன். "மார்க் என்ன?" என்று கேட்ட நாட்களில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவன், இதற்கு இரண்டு ஸ்டாப் தாண்டியும் பேசுகிறான்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மேஜைக்கு அடியில் ஒளிந்த கதையை அவனே எனக்கு எப்படிச் சொல்லுவான்?