எல்லாரும் மறந்துபோய், எங்கயோ திடீர்னு காதுல விழுந்து ஆளையே நிறுத்தின பழைய பாட்டு, உங்களுக்கு எது?

ஜன்னல்சீட்

போன மாசம் திருச்சி டு மதுரை நைட் பஸ். டிரைவரண்ணன் பென்டிரைவ்ல வழக்கம்போல எண்பதுகள் ஓடிட்டிருந்துச்சு, பாதித் தூக்கத்துல இருந்தேன், "நான் உன்ன நெனச்சேன்" வந்துச்சு. கண்ணில் தெரியும் கதைகள், 1980. அஞ்சு மியூசிக் டைரக்டர் சேந்து பண்ணின படம், கே.வி.மகாதேவன்லருந்து இளையராஜா வரைக்கும், இந்தப் பாட்டு மட்டும் சங்கர் கணேஷ். சின்ன வயசுலருந்து கேக்குறேன், எஸ்பிபி வாணி ஜெயராம் டூயட்னு மண்டைல எழுதி ஒட்டியாச்சு. ஆனா அன்னிக்கு ஸ்பீக்கர் நேரா தலைக்கு மேல. திடீர்னு ஒரு குரல் வருது, வாணி இல்ல. வேற யாரோ. பழைய கறுப்பு வெள்ளப் படத்துலருந்து ஒரு பொண்ணு எறங்கி வந்து இந்தப் பாட்டுக்குள்ள நிக்கிற மாதிரி. தூக்கம் போச்சு. மொபைல்ல தேடினா ஜிக்கி! 1955ல குலேபகாவலில ஏ.எம்.ராஜாவோட "மயக்கும் மாலை" பாடின அதே ஜிக்கி, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இங்க. இத்தன வருஷமா அந்தம்மா பாடிட்டே இருந்திருக்காங்க, நான் காதே குடுக்கல.

கண்டக்டர்கிட்ட போய் அண்ணே இன்னொரு தடவ போடச் சொல்லுங்களேன்னு கேட்டேன். "ரிவர்ஸ்லாம் டெப்போக்குள்ளதான் தம்பி"ன்னுட்டார்.

சைடு பி

எங்கப்பா கதை சொல்றேன். கேசட் ரெக்கார்டிங் கடைக்கு லிஸ்ட் எழுதிக் குடுப்போம்ல, அப்பா எழுதினதுல ஏழாவது வரி "தேன் சிந்துதே வானம் – யேசுதாஸ்". கடைக்காரர் பதிஞ்சு குடுத்தது எஸ்பிபி ஜானகி பாடின "தேன் சிந்துதே வானம்", ஜி.கே.வெங்கடேஷ் மியூசிக். அப்பா கேசட்ட எடுத்துட்டுப் போய் கடைல சண்ட, அந்தாளு "நீங்க எழுதினததான சார் போட்டேன்"ங்கிறார், இவர் "யேசுதாஸ் எங்கய்யா"ங்கிறார், அதோட அந்தக் கடைப் பக்கமே போறதில்லன்னு ஆயிப்போச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு, வெளிய சைக்கிள புடிச்சிட்டு நின்னது அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு.

போன வருஷம்தான் எனக்கே புரிஞ்சது. அந்தப் பாட்டு இருக்கிற படம் பொண்ணுக்குத் தங்க மனசு. தேன் சிந்துதே வானம்ங்கிறது 1975ல வந்த வேற *படம்*. அதுல யேசுதாஸ் பாடினது "உன்னிடம் மயங்குகிறேன்", மியூசிக் வி.குமார். அப்பா எழுதினது படத்துப் பேரு, கடைக்காரர் படிச்சது பாட்டுப் பேரு. ரெண்டு பேருமே சரி! ஓடிப்போய் அப்பாகிட்ட சொன்னேன். பேப்பர மடிச்சு வெச்சுட்டு, "சரி, யேசுதாஸ்னு எழுதியிருந்தேனே, அதப் படிக்க வேணாமா அவன்"னார். இன்னும் கோவம் போகல.

ஹெட் கிளீனர்

ஜன்னல்சீட் தம்பி, "நான் உன்ன நெனச்சேன்" எப்பய்யா மறந்துபோன பாட்டு ஆச்சு? எந்த ஆர்கெஸ்ட்ரால பாடாம விட்டாங்க? நீங்க கவனிக்காததுக்குப் பாட்ட ஏன் குத்தம் சொல்றீங்க. மறந்துபோச்சுன்னு சொல்லணும்னா வி.குமாரச் சொல்லுங்க. நீர்க்குமிழி, எதிர் நீச்சல்னு பாலசந்தர் படமா பண்ணின மனுஷன், ஆனா நல்லாருக்கிற பாட்ட எல்லாம் எம்எஸ்வி கணக்குலயோ ராஜா கணக்குலயோ எழுதிடுறாங்க. "உன்னிடம் மயங்குகிறேன்" ராஜா பாட்டுன்னு என் மச்சானே பந்தயம் கட்டினான்.

என் அனுபவம் சின்னதுதான். பரண்ல ஒரு கேசட், மேல "மதனோற்சவம்"னு பென்சில்ல எழுதியிருந்துச்சு (சதுரங்கம், 1978, அதுவும் குமார்தான்). ஆசையா டெக்ல போட்டேன், நாலு செகண்ட் வந்துச்சு, அப்புறம் டேப்ப அப்படியே உள்ள இழுத்துச் சுருட்டிடுச்சு. அந்த நாலு செகண்ட் இன்னும் மனசுல ஓடிட்டிருக்கு.

அதனால சொல்றேன், யாரும் என்ன மாதிரி பண்ணாதீங்க. வருஷக்கணக்கா கெடந்த கேசட்ட எடுத்தவுடனே ப்ளே அமுக்காதீங்க, மொதல்ல கடைசி வரைக்கும் ஃபார்வர்டு, திரும்ப ரீவைண்டு, அப்பதான் ஒட்டிக்கிட்டிருக்கிற டேப் விட்டு வரும். டேப் மேல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா டெக் பக்கமே கொண்டு போவாதீங்க, டேப்பப் படிக்கிற ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டையும், டேப்ப இழுத்து ஓட்டுற கேப்ஸ்டனையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடச்சிட்டு, காஞ்சப்புறம் போடுங்க. சத்தம் மங்கலா போர்வைக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருந்தா டேப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ஹெட்டோட சாய்வ மாத்துறது, அசிமுத்துன்னு சொல்லுவாங்க, பாட்டு ஓடும்போதே மெதுவாத் திருப்புனா ஒரு எடத்துல பளிச்சுன்னு தெறக்கும். உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் பேடு விழுந்திருந்தா வேற கேசட் ஓட்டுக்கு டேப்ப மாத்திக்கலாம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது எம்பி3 வேணாம், வேவ் ஃபைலா வெச்சுக்குங்க. அந்த இரைச்சல் நீக்குற சாஃப்ட்வேர் வேணவே வேணாம், இரைச்சலோட சேத்து தம்புராவையும் கொண்டு போயிடும். அட்டையையும் ஸ்கேன் பண்ணுங்க.

சைடு பி

மாமா, கேசட் வீட்லயே இல்ல. கடைலயே விட்டுட்டு வந்துட்டாரு.

கடல்தாண்டி

நீங்கள் எல்லாரும் படப்பாட்டையே கதைக்கிறியள். எங்கட இலங்கைப் பக்கம் எழுபதுகளில பொப் பாட்டு எண்டு ஒண்டு இருந்தது, ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் எல்லாரும் பாடினது. சென்னைக்கு வந்திருந்தநேரம் ஓட்டோவில "சுராங்கனி" போச்சுது. நான் சந்தோசத்தில "இது எங்கட மனோகரன் பாட்டு" எண்டன். ஓட்டோக்கார அண்ணை கண்ணாடியில என்னை ஒருக்காப் பாத்திட்டு, "இல்ல சார், இது சினிமாப் பாட்டு" எண்டார். நான் விடேல்ல. எங்கட இன்னொரு பொப் பாட்டு, "சின்ன மாமியே", அதையும் முழுக்கப் பாடிக் காட்டினன். இறங்கேக்க "நீங்க நல்லாப் பாடுறீங்க சார்" எண்டார். பாட்டைப் பற்றி ஒரு சொல்லு இல்லை.

மர ரேடியோ

இலங்கை வானொலில வந்தத டேப் பண்ணுவோம் நாங்க. "ஒரு நாள் யாரோ", மேஜர் சந்திரகாந்த், 1966, சுசீலாம்மா. ரேடியோ முன்னாடி மைக்க வெச்சுட்டு வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாது. பாதிப் பாட்டுல அலை மங்கிடும், திரும்ப வரும், அதையெல்லாம் சகிச்சுக்கலாம், ஆனா அன்னிக்குச் செய்திக்கு நேரமாச்சுன்னு பாட்டையே நடுவுல எறக்கிட்டாங்க. சுசீலாம்மா குரல் கீழ போகுது, நேரம் சொல்ற பீப் மேல வருது. அதுக்கப்புறம் எங்கம்மா "அடுப்ப அணைச்சியா"ன்னு கேக்குறது, டக்குன்னு முடிஞ்சிடும்.

அந்தக் கேசட்டத்தான் காலேஜ் முடியிற வரைக்கும் கேட்டேன். எனக்குப் பாட்டுன்னா அவ்ளோதான். போன வாரம் பொண்ணு போன்ல முழுப் பாட்டையும் போட்டா, சுத்தமா, ஒரு கரகரப்பு இல்லாம. அந்த எடம் வந்துச்சு, பாட்டு பாட்டுக்குப் போயிட்டே இருக்கு, நான் மட்டும் பீப்புக்காகக் காத்துட்டிருக்கேன். மிச்சப் பாட்டு நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா வேற யார் வீட்டுப் பாட்டோ மாதிரி. பொண்ணு ஏம்மா ஒரு மாதிரி இருக்கன்னு கேட்டா. என்னன்னு சொல்ல, அடுப்பப் பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சுப் போனேன்.

ஹெட் கிளீனர்

மர ரேடியோ அக்கா, மைக்க ரேடியோ முன்னாடி வெச்சதுதான் தப்பு. இயர்போன் பின்லருந்து ஒயர் குடுத்திருந்தா வீட்டுப் பேச்சு விழுந்திருக்காது.

மர ரேடியோ

விழணும்ங்க. அம்மா போய் ஒம்பது வருஷம் ஆச்சு, அந்தக் கேசட்தான் இப்ப எங்கன்னு தேடிட்டிருக்கேன். கெடச்சா ரீவைண்டு பத்தி உங்ககிட்டயே வந்து கேக்குறேன்.

ஜன்னல்சீட்

ஹெட் கிளீனர் மாமா, பாட்ட எங்க குத்தம் சொன்னேன், என்னத்தான சொல்லிக்கிட்டேன். அத விடுங்க, நேத்து அதே ரூட்ல திரும்ப வந்தேன். டிரைவர் வேற, பென்டிரைவ் வேற, விராலிமலை வரைக்கும் குத்துப்பாட்டா போட்டார். அப்புறம் அதையும் நிறுத்திட்டார்.