ஷேஃபர் வளைவில் சொன்ன பொய்: கேன்யன்லேண்ட்ஸ் அனுபவங்கள் (புனைபெயர்களில் நால்வர் எழுதியவை)

செம்மண்:
அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போனவர்களுக்கு, வளைந்து வளைந்து இறங்கும் ஷேஃபர் டிரெயில் மண்சாலையை விளக்க வேண்டியதில்லை. மேட்டிலிருந்து சுமார் 1,500 அடி இறக்கம். சைக்கிளில் இறங்கும்போது பிரேக் பிடித்த விரல்கள் வலிக்கும். ஏறும்போது எல்லாமே வலிக்கும். சனிக்கிழமை மதியம் ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பெரியவர் ஒருவர் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். என்னிடம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. "எனக்கும் தீர்ந்துவிட்டது" என்றேன். அதே நொடியில் முதுகுப் பையில் தண்ணீர் தளும்பியது. அவருக்கும் கேட்டிருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் மேசா ஆர்ச் என்ற இயற்கைப் பாறைத் தோரணத்தில் சூரியன் எழுவதைப் பார்த்தேன், எல்லோரும் எடுக்கும் அதே படத்தை நானும் எடுத்தேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது. காதில் அந்தத் தளும்பல் நிற்கவில்லை.

ஒற்றைச்சக்கரம்:
உங்களுக்குத் தண்ணீர் என்றால், என் மனதை உறுத்துவது மண். மேட்டைச் சுற்றி அதன் கீழே ஓடும் ஒயிட் ரிம் சாலையில் எதிரே ஜீப் வந்தது. ஒதுங்குவதற்காகச் சைக்கிளோடு ஓரத்தில் இறங்கினேன். காலடியில் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். மண்ணின் மேல் கருப்பாக, கட்டி கட்டியாக இருக்குமே, அந்தப் படலம்தான். ஜீப்பின் பின்னிருக்கையிலிருந்த சிறுமி கண்ணாடியை இறக்கி, "அதற்கு உயிர் இருக்கிறது" என்றாள். ஓட்டிவந்த அம்மா மன்னிப்புக் கேட்டார், என்னிடம்! நுண்ணுயிர் இழைகள் மணலைப் பிணைத்துக் கட்டிய படலம் அது. மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். நான் வைத்தது இரண்டே அடி. சக்கரத் தடம் தனி.

கைகாட்டி:
செம்மண், திட்ட வரவில்லை. அந்த அரை லிட்டரைக் கொடுத்திருந்தால் வளைவில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் தவறு காலையிலேயே நடந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. கோடையில் சைக்கிள் மிதிப்பவருக்கு அதுவும் போதாது. கீழே ஒயிட் ரிம் முழுக்கக் குடிநீர் கிடையாது. மேலே பார்வையாளர் மையத்தில் பாட்டில்களை நிரப்பாமல் இறங்கவே கூடாது. 100 மைல் சுற்றை ஒரே மூச்சில் முடிக்கும் ஆசையையும் விடுங்கள்; மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். பகலில் மட்டும் போய் வந்தாலும் ஒயிட் ரிம்முக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. பக்கத்து ஊரான மோவாப் பக்கம் நெருஞ்சி முள் உண்டு, பஞ்சர் சாமான் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒற்றைச்சக்கரம், ஒதுங்குவதென்றால் வெறும் பாறை மேல் ஒதுங்குங்கள், இல்லையென்றால் சாலையிலேயே நில்லுங்கள், ஜீப் காத்திருக்கும். என் அனுபவமா? அண்டங்காக்கை ஒன்று என் பையின் ஜிப்பைத் திறந்து ரொட்டியைக் கொண்டுபோனது. அவ்வளவுதான்.

மேட்டுநிலம்:
கைகாட்டி, உங்களிடம் யார் பாடம் கேட்டார்கள்? காக்கை கதையை விரிவாக எழுதியிருக்கலாம். ஜிப்பை எப்படித் திறந்தது, அலகாலா?

என்னுடையது பூங்காவின் நீடில்ஸ் பகுதியில், ஜாயின்ட் டிரெயில் என்ற நடைபாதையில் நடந்தது. இருபுறமும் பாறை தோளை உரசும் இடுக்கு. எதிரே ஒருவர் வந்தார். இருவருக்கும் இடமில்லை. நான் திரும்பிப் போவதாகச் சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்த வழியே பின்னோக்கி நடந்தார். அவருக்கு நன்றி கூடச் சொல்லவில்லை.

செம்மண், அந்தப் பெரியவர் மேலே வந்து சேர்ந்தாரா? அதைச் சொல்லவே இல்லையே.

செம்மண்:
மீதித் தண்ணீரை அடுத்த வளைவிலேயே குடித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஏறி, சாலையோரம் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒரு பிக்கப் வண்டி வந்தது. பின்னால் அவருடைய சைக்கிள் கிடந்தது. முன்கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. கையைத் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை.